உருவக வெண்கலச் சிற்றுருவம்

உருவக வெண்கலச் சிற்றுருவம் என்பது நீதி, விடுதலை, புகழ், உழைப்பு, காலம் போன்ற ஒரு கருத்தை மனித வடிவில் காட்டும், மேசை மீதோ கணப்பு மாடத்தின் மீதோ வைக்கத்தக்க அளவுள்ள வெண்கலச் சிலை ஆகும். இவ்வகைச் சிலைகள் ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலம் முதல் செய்யப்பட்டு வந்துள்ளன. எனினும் இன்று பழம்பொருள் சந்தையில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரிசு நகர வார்ப்பகங்களில் உருவானவை. இக்கட்டுரை அவற்றையே முதன்மையாகக் கொண்டு, இனங்காணுதல், மதிப்பிடுதல், பேணுதல் ஆகியவற்றை விளக்குகிறது.

இச்சிலைகளின் பெறுமதி பெரிதும் அவற்றின் மேற்பரப்பில் தங்கியுள்ளது. ஒரு வார்ப்பு எப்போது, எவரால், எவ்வளவு கவனத்துடன் செய்யப்பட்டது என்பதற்கான சான்றுகள் உலோகத்தின் மேல் உள்ள மெல்லிய நிறப்படலத்திலும், உளி பட்ட இடங்களிலும், அடிப்புறத்தில் படிந்த பழைய அழுக்கிலும் இருக்கின்றன. ஆகவே மதிப்பீடு செய்யும் முன்னர் சிலையைத் துலக்குதல் கூடாது. நல்லெண்ணத்துடன் செய்யப்படும் துலக்கலே இச்சிலைகளுக்கு நேரும் சேதங்களுள் மிகவும் பரவலானது.

வரலாறு

19ஆம் நூற்றாண்டுக்கு முன்னர் வெண்கலச் சிற்றுருவங்கள் அரசர்களும் பெருஞ்செல்வர்களும் சேகரித்த பொருட்களாக இருந்தன. அவை நடுத்தர வகுப்பினரின் வீடுகளுக்கு வந்து சேர்ந்ததற்கு ஓர் இயந்திரம் காரணமாயிற்று. பிரெஞ்சுப் பொறியியலாளரான அசீல் கொலா (1795–1859) பெரிய சிற்பம் ஒன்றை விகிதம் மாறாமல் சிறிதாக்கும் கருவியை உருவாக்கினார். அதன் ஒரு முனையில் உள்ள ஊசி மூலச்சிற்பத்தின் மேற்பரப்பைத் தடவிச் செல்லும்போது, மறுமுனையில் உள்ள வெட்டுமுனை அதே அசைவைக் குறைந்த அளவில் சாந்துக் கட்டியில் செதுக்கும். கைகள், இறக்கைகள் போன்ற நீண்ட உறுப்புகள் தனித்தனியே செதுக்கப்பட்டுப் பின்னர் பொருத்தப்படும்.

1838ஆம் ஆண்டில் கொலா, பெர்தினாந்து பார்பெதியென் (1810–1892) என்பவருடன் கூட்டுச் சேர்ந்தார். சுவர்த்தாள் வணிகராக இருந்த பார்பெதியென் இந்தக் கூட்டின் மூலம் பாரிசின் முன்னணி வார்ப்பக உரிமையாளர்களுள் ஒருவரானார். மீலோவின் வீனசு போன்ற பண்டைய சிலைகளின் சிறுவடிவங்களில் தொடங்கிய நிறுவனம், விரைவில் சமகாலச் சிற்பிகளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு அவர்களுடைய படைப்புகளையும் வெளியிட்டது. 1892இல் அவர் இறந்த பின்னர் அவருடைய மருமகன் குசுத்தாவ் லெப்லாங்கு-பார்பெதியென் தொழிலைத் தொடர்ந்தார். நூல் ஒன்றைப் பதிப்பாளர் வெளியிடுவது போலவே, சிற்பியிடம் உரிமை பெற்று வார்ப்பகம் படிகளை வெளியிட்டது. எத்தனை படிகள் என்பதற்கு அக்காலத்தில் பெரும்பாலும் வரம்பு இருந்ததில்லை. தேவை உள்ளவரை வார்த்தனர். இவ்வகையில் சூசு சகோதரர்கள், தியேபோ ஆகிய வார்ப்பகங்களும் குறிப்பிடத்தக்கவை.

உருவகச் சிலைகள் இச்சந்தையில் சிறந்த இடம் பெற்றதற்கு அக்காலத்து அரசியலும் ஒரு காரணம். 1870–71இல் பிரசியாவிடம் பிரான்சு தோற்ற பின்னர், அந்துவான் மெர்சியே (1845–1916) இறந்த இளைஞன் ஒருவனைத் தாங்கிச் செல்லும் சிறகுடைய பெண்ணுருவத்தைப் படைத்து 1874ஆம் ஆண்டின் சலோன் கண்காட்சியில் வைத்தார். 'குளோரியா விக்டிசு', அதாவது 'தோற்றோர்க்குப் புகழ்' என்பது அதன் பெயர். தோற்றவர்க்குக் கேடு என்னும் பழைய இலத்தீன் தொடரைத் தலைகீழாக்கிய பெயர் இது. இதன் பெரிய வெண்கல வார்ப்பு இப்போது பாரிசின் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் உள்ளது. பார்பெதியென் இதனைப் பல அளவுகளில் சிறுவடிவங்களாக வெளியிட்டார். ஒரு நாட்டின் துயரத்தை வீட்டு மேசையில் வைத்துக்கொள்ளும் வாய்ப்பை அவை மக்களுக்கு அளித்தன.

லூயி-எர்னெசுட் பாரியாசு (1841–1905) செய்த 'அறிவியலின் முன் தன் திரையை விலக்கும் இயற்கை' மற்றொரு புகழ்பெற்ற உருவகம். வெண்சலவைக்கல்லில் ஒன்றும், பல நிறக் கற்களில் ஒன்றுமாகப் பெரிய வடிவங்கள் செய்யப்பட்டன. 1899ஐச் சேர்ந்த பலநிற வடிவம் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. இதன் வெண்கலச் சிறுவடிவங்களைச் சூசு நிறுவனம் வெளியிட்டது. பாசுட்டில் சதுக்கத்தில் 1840இல் திறக்கப்பட்ட சூலைத் தூணின் உச்சியில் நிற்கும் துய்மோனின் 'விடுதலையின் ஆவி'யும் எண்ணற்ற சிறுவடிவங்களைப் பெற்றது. இவற்றுடன் மத்துரன் மொரோ, எமில் லூயி பிக்கோ, காரியே-பெலேசு ஆகியோரின் உழைப்பு, வேளாண்மை, அறிவியல் முதலிய உருவகங்களும் பெருமளவில் விற்கப்பட்டன. பள்ளிப் பரிசாகவும், பணி ஓய்வின்போது அளிக்கும் நினைவுப் பொருளாகவும் இவை வாங்கப்பட்டன. பீடத்தில் பொறித்த பரிசளிப்பு ஆண்டு சில வேளைகளில் சிலையின் வயதுக்கு நல்ல சான்றாக அமைகிறது. அந்த ஆண்டுக்குப் பிந்தியது அன்று என்பதை மட்டுமே அது காட்டும். அதுவும் தகடு மாற்றப்படாதிருந்தால்.

உருவகத்தை இனங்காணல்

சிலை எக்கருத்தைக் குறிக்கிறது என்பது முகத்தைக் கொண்டு அறியப்படுவதில்லை. கையில் ஏந்திய பொருளும் காலடியில் உள்ள பொருளும் அதனைச் சொல்கின்றன. இந்த அடையாள மொழியை ஒழுங்குபடுத்திய நூல்களுள் முதன்மையானது இத்தாலியரான செசாரே ரீப்பா 1593இல் வெளியிட்ட 'இகோனோலோகியா' ஆகும். படங்களுடன் கூடிய அதன் பதிப்பு 1603இல் வெளிவந்தது. சிற்பிகளும் ஓவியர்களும் மூன்று நூற்றாண்டுகள் வரை இதனையும் இதன் வழிவந்த நூல்களையும் பயன்படுத்தினர்.

துலாக்கோலும் வாளும் நீதியைக் குறிக்கும். நங்கூரம் நம்பிக்கையையும், கனிகள் நிறைந்த கொம்பு வளத்தையும், ஊதுகொம்பு புகழையும், பாம்பு சுற்றிய கண்ணாடி விவேகத்தையும், இரு பாம்புகள் பின்னிய சிறகுக்கோல் வணிகத்தையும் குறிக்கும். முன்புறம் மடிந்த பிரிசியத் தொப்பி விடுதலையின் அடையாளம். அரிவாளும் மணற்கடிகாரமும் கொண்ட சிறகுடைய முதியவர் காலம். 19ஆம் நூற்றாண்டில் பற்சக்கரம், பட்டடைக்கல், மின்பொறி போன்ற புதிய அடையாளங்களும் சேர்ந்துகொண்டன.

ஆயின் இவ்வடையாளப் பொருட்கள் பெரும்பாலும் தனியே வார்த்துத் திருகிச் செருகப்பட்டவை. எனவே சிலையிலிருந்து முதலில் தொலைந்து போவதும் அவையே. ஊதுகொம்பை இழந்த புகழ், பெயரற்ற ஒரு பெண்ணாக நின்றுவிடுகிறாள். மூடிய கைக்குள் ஒரு துளையோ மரையோ காணப்பட்டால், அங்கே ஏதோ ஒன்று இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். விற்பனைப் பட்டியல்களில் சிறகுடைய பெண்ணுருவம் எதுவாயினும் 'வெற்றி' என்றோ 'தேவதை' என்றோ எழுதிவிடும் வழக்கம் உள்ளது. இதனை அப்படியே ஏற்றல் தகாது. பீடத்தின் முன்புறத்தில் தலைப்பும் சிற்பியின் பெயரும் பொறித்த சிறு தகடு இருப்பதுண்டு. அதுவும் மாற்றத்தக்கதே. தகட்டின் துளைகளும் பீடத்தின் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, தகட்டுக்குக் கீழே உள்ள நிறம் சுற்றியுள்ள நிறத்திலிருந்து வேறுபடுகிறதா என்று பார்ப்பது பயன்தரும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இன்று தனிச்சிலையாக விற்கப்படும் பல உருவங்கள் ஒரு காலத்தில் கணப்பு மாடக் கடிகாரங்களின் மேல் அமர்ந்திருந்தவை. சிலை ஒருபுறம் சாய்ந்தோ, எதன் மீதோ கையூன்றியது போன்றோ இருந்து, ஊன்றிய இடத்தில் எதுவும் இல்லையெனில் கடிகாரத்தைப் பற்றி ஐயுறலாம்.

உலோகத்தை இனங்காணல்

முதல் வினா சிலை வெண்கலமா என்பதே. கலை வெண்கலம் பெரும்பாலும் 90 விழுக்காட்டை ஒட்டிய செப்பும், எஞ்சிய பகுதியில் வெள்ளீயம், துத்தநாகம், சிறிது ஈயம் ஆகியனவும் கொண்டது. விலை குறைந்த மாற்றாக அதே காலத்தில் துத்தநாக வார்ப்பு பெருகியது. ஆங்கிலத்தில் இசுபெல்டர் எனவும் பிரெஞ்சில் ரெகூல் எனவும் வழங்கும் இவ்வார்ப்புகள் மீது செப்பு முலாமோ வெண்கல வண்ணமோ ஏற்றப்பட்டது. தொலைவிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரிவதில்லை.

சிலையின் அடிப்புறத்தில், எவர் கண்ணிலும் படாத விளிம்பில், ஊசிமுனையால் மிகச்சிறிதாகக் கீறிப் பார்ப்பது வழக்கமான சோதனை. பொன்மஞ்சள் அல்லது செம்மஞ்சள் ஒளி தெரிந்தால் செப்புக் கலப்புலோகம்; வெள்ளி போன்ற சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம். பெரும்பாலும் கீறவே தேவையிராது. அடிப்பக்க விளிம்பிலும் திருகாணியைச் சுற்றியும் படலம் தேய்ந்து உலோகம் தானே தெரிந்துகொண்டிருக்கும். விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் வெண்கலம் சிறிது நேரம் ஒலிக்கும். துத்தநாகம் மந்தமாக ஒலித்து அடங்கும். காந்தம் இவ்விரண்டையும் ஈர்ப்பதில்லை. ஈர்த்தால் அது இரும்பு. ஆனால் உள்ளே உள்ள இரும்புத் தண்டு காந்தத்தை இழுக்கக்கூடும் என்பதால் ஓரிடத்தில் மட்டும் சோதித்து முடிவு செய்தல் கூடாது.

எடையைக் கொண்டு தீர்மானிப்பது நம்பகமான முறை அன்று. வெண்கலத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.8 கிராம்; துத்தநாகத்தினது 7.1 கிராம். வேறுபாடு உண்மையே எனினும், சிலையின் சுவர்த் தடிப்பு வார்ப்பகத்துக்கு வார்ப்பகம் மாறுகிறது. மெல்லிய நல்ல வெண்கலம் தடித்த துத்தநாகத்தை விட இலேசாக இருக்கும். நல்ல வார்ப்பகங்கள் உலோகத்தை வீணாக்கவில்லை. எனவே 'கனமாக இருந்தால் அசல்' என்னும் பரவலான நம்பிக்கை பல வேளைகளில் தவறான திசையில் இட்டுச் செல்கிறது.

வெண்கலப் பொடியைப் பிசினில் கலந்து அச்சில் ஊற்றிச் செய்யப்படும் தற்காலச் சிலைகளும் வெண்கலம் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. தொட்டால் உலோகத்தின் குளிர்ச்சி இராது. அடிப்புறம் சமதளமாக அடைக்கப்பட்டு, பெரும்பாலும் துணி ஒட்டப்பட்டிருக்கும்.

துத்தநாகச் சிலை மதிப்பற்றது என்று இதற்குப் பொருளன்று. அமெரிக்காவில் விடுதலைச் சிலையின் பீடத்துக்கு நிதி திரட்டுவதற்காக 1885 அளவில் விற்கப்பட்ட மாதிரிகளுள் 6 அங்குல உருவம் ஒரு டாலருக்கும் 12 அங்குல உருவம் 5 டாலருக்கும் கிடைத்தன. அவை வெண்கல நிறமூட்டிய மலிவான உலோக வார்ப்புகள். இன்று அவற்றுக்கு வரலாற்றுப் பெறுமதி உண்டு. பெயரை மாற்றி வெண்கல விலைக்கு விற்பதுதான் குறை.

வார்ப்பு முறையும் காலமும்

19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் சிற்றுருவங்கள் பெரும்பாலும் மணல் வார்ப்பு முறையிலேயே செய்யப்பட்டன. தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளுக்குரிய மெழுகு வார்ப்பு முறையில் ஒவ்வொரு சிலைக்கும் மெழுகுருவம் புதிதாக வேண்டும். மணல் வார்ப்பிலோ 'தலைமை மாதிரி' எனப்படும் ஒரு வெண்கல உருவம் இருக்கும். அது பல துண்டுகளாகக் கழற்றத்தக்கது. ஒவ்வொரு துண்டையும் நுண்மணலில் அழுத்தி அச்செடுத்து வார்த்து, பின்னர் ஒன்றன் வாயில் மற்றொன்றைச் செருகி ஆணியடித்து இணைப்பர். இணைப்பின் மேல் உளியால் தட்டிச் சீராக்கிவிட்டால் கோடு தெரியாது. உள்ளே கையை விட்டுப் பார்த்தால் அல்லது சிறு விளக்கைச் செலுத்தினால் இணைப்புகளும் ஆணிகளும் தெரியும். நல்ல படியில் தோளிலும் இடுப்பிலும் இவற்றைக் காணலாம்.

வார்த்த பின்னர் செதுக்குநர் உளியால் தலைமயிர், நகம், துணிமடிப்பு, இறகின் நரம்பு ஆகியவற்றைக் கூர்மையாக்குவார். பார்பெதியென் வார்ப்புகளின் புகழ் பெரும்பாலும் இந்தக் கைவேலையால் வந்தது. கைவில்லையால் பார்க்கும்போது கண்ணிமை, காது, விரலிடுக்கு ஆகிய இடங்களில் கூர்மை இருத்தல் வேண்டும். அங்கெல்லாம் வழவழப்பாகவும் மழுங்கலாகவும் இருப்பின், அது வார்ப்பிலிருந்து எடுத்த வார்ப்பாக இருக்கலாம்.

வார்ப்பிலிருந்து வார்ப்பு என்பது உரிமை பெற்ற ஒரு படியையே மாதிரியாகக் கொண்டு அச்செடுத்து வார்ப்பதாகும். உருகிய வெண்கலம் உறையும்போதும் குளிரும்போதும் ஏறத்தாழ 1.5 முதல் 2 விழுக்காடு வரை சுருங்குகிறது. எனவே 60 சென்டிமீட்டர் உயரமுள்ள படியிலிருந்து எடுத்த போலி ஏறத்தாழ 59 சென்டிமீட்டரே இருக்கும். இது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு; அளவுகோலுக்குத் தெரியும். சிலையின் முழு உயரத்தை மட்டும் அளந்தால் பீடம் மாறியிருப்பின் பிழை நேரும். ஆகவே உருவத்திலேயே இரு நிலையான புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவை, எடுத்துக்காட்டாக முழங்காலிலிருந்து மோவாய் வரை, அருங்காட்சியகத்திலோ ஐயமற்ற உடைமை வரலாற்றுடனோ உள்ள படியின் அளவோடு ஒப்பிடுவர். சிற்பியின் கையொப்பமும் வார்ப்பகப் பெயரும் போலியிலும் அப்படியே பதிந்துவிடும் என்பதால், கையொப்பம் இருப்பது மட்டும் சான்றாகாது. ஆனால் அசலில் எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். போலியில் உருண்டு காணப்படும்.

முத்திரைகள் காலத்தை அறிய உதவும். கொலாவின் இயந்திரத்தைக் குறிக்கும் சிறு வட்ட முத்திரை பார்பெதியென் நிறுவனத்தின் பல படிகளில் காணப்படுகிறது. லெப்லாங்கு-பார்பெதியென் என்று பொறிக்கப்பட்டிருப்பின் அது 1892க்குப் பிந்தியது. 1981ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையின்படி, அதன்பின் செய்யப்படும் நகல்கள் அனைத்திலும் 'மறுபடி' எனப் பொருள்படும் சொல் அழியாதவாறு பொறிக்கப்பட வேண்டும். எட்டு எண்ணிட்ட படிகளும் நான்கு கலைஞர் படிகளுமே அசல் என்னும் விதி 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதனை 19ஆம் நூற்றாண்டின் வரம்பற்ற வெளியீடுகளுக்குப் பொருத்திப் பார்த்து, எண் இல்லையே என்று ஐயுற வேண்டியதில்லை. மாறாக, அக்காலச் சிலையில் '3/8' என்ற எண் காணப்படின் ஐயுறுதல் தகும்.

அடிப்புறத்தில் உள்ள திருகாணிகளும் பேசும். குறுக்குக்கோட்டுத் தலையுடைய திருகாணிகள் 1930களில் புழக்கத்துக்கு வந்தவை. உள்ளே வளிமக் காப்புடன் செய்த மின்பற்றவைப்பின் சீரான மணிவரிசை தெரிந்தால், அது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்திய வேலை அல்லது பழுதுபார்ப்பு ஆகும். கலப்புலோகத்தில் சிலிக்கன் கணிசமாக இருப்பதும் 20ஆம் நூற்றாண்டையே சுட்டும். கையடக்க ஊடுகதிர் ஒளிர்வுக் கருவியால் கலவையை அறியலாம். எனினும் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். சிலிக்கன் போன்ற இலேசான தனிமங்களை அதனால் சரியாக அளக்கவும் இயலாது.

மேற்படலம்

வார்த்து முடித்த வெண்கலம் பித்தளை போல் பளபளக்கும். அதனைச் சூடாக்கி வேதிக்கரைசல்களைப் பூசி நிறமேற்றுவது தனிக்கலை. கந்தக உப்புகள் பழுப்பையும் கருமையையும், இரும்பு நைத்திரேட்டு செம்பழுப்பையும், செப்பு நைத்திரேட்டு பச்சையையும் தரும். இதன்மேல் மெழுகு அல்லது மெருகெண்ணெய் பூசப்படும். இவ்வாறு உருவாகும் படலமே பத்தினா எனப்படுகிறது. தமிழில் களிம்பு என்னும் சொல் செப்பில் தானே ஊறும் பச்சை நச்சுப்படிவைக் குறிப்பதால், கலைஞன் வேண்டுமென்றே ஏற்றிய இந்நிறத்துக்கு அதனைப் பயன்படுத்துவது பொருத்தமாகாது. படலம் சிற்பத்தின் ஒரு பகுதி. 'குளோரியா விக்டிசு' படிகளில் இறந்தவனின் உடலுக்கும் தாங்கும் உருவின் கவசத்துக்கும் வெவ்வேறு நிறம் தந்தவையும் உள்ளன.

நூறு ஆண்டுகளில் படலம் சீரற்றுத் தேய்கிறது. மூக்கு, முழங்கால், தோள், தூக்கும்போது கை படும் இடம் ஆகியவற்றில் அடியிலுள்ள செம்பொன் நிறம் மெல்ல வெளிப்படும். மடிப்புகளின் உட்புறம் கருமையாகவே இருக்கும். இந்தத் தேய்வுக்கு ஒரு காரணம் இருக்கும்: கை எட்டும் இடம், துணி உரசும் இடம். காரணமற்ற இடங்களில் ஒரே சீராக அமைந்த தேய்வு செயற்கையானது. கருவண்ணம் பூசிப் பழமையூட்டிய சிலையில் அசிட்டோன் தோய்த்த பஞ்சை மறைவான இடத்தில் தொட்டால் நிறம் பஞ்சில் ஏறக்கூடும். ஆனால் அசலிலும் பழைய மெருகெண்ணெய் கரைந்து வரலாம் என்பதால் இச்சோதனையை அறிந்தோரிடம் விடுவதே நன்று.

தமிழர் வீடுகளில் வெண்கலப் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் கொண்டு துலக்கும் வழக்கம் உண்டு. பாத்திரத்துக்கு அது சரியான முறை. புளியில் உள்ள தார்த்தாரிக்கு அமிலம் செப்பின் ஆக்சைடைக் கரைத்து உலோகத்தை வெளிக்கொணர்கிறது. சிற்றுருவத்தில் அந்த ஆக்சைடும் அதனோடு சேர்ந்த நிறமுமே காக்கப்பட வேண்டியவை. எலுமிச்சை, வினிகர், பல்பொடி, கடையில் விற்கும் பித்தளை மெருகு நீர்மங்கள் ஆகிய அனைத்தும் இதே வேலையைச் செய்கின்றன. மெருகு நீர்மங்களில் உள்ள அரைபொடி செதுக்குநரின் உளித்தடங்களையும் சேர்த்துத் தேய்க்கிறது. அமோனியா கலந்தவை செப்பையே அரிக்கும். ஒரு பிற்பகல் துலக்கலில் போன படலத்தை மீண்டும் ஏற்ற முடியும். ஆனால் அது புதிய படலம் என்றே மதிப்பீட்டில் எழுதப்படும், விலையும் அதற்கேற்பக் குறையும். உளித்தடங்களை மீட்கவே முடியாது.

மதிப்பீடு

மதிப்பீட்டாளர் முதலில் கேட்க வேண்டியது, மதிப்பு எதற்காக என்பது. காப்பீட்டுக்கான மதிப்பு, அதே தரமுள்ள ஒன்றைக் கடையில் வாங்கி ஈடுசெய்ய ஆகும் தொகை. பொதுவாக இதுவே உயர்ந்தது. ஏல மதிப்பு இதைவிடக் குறைவு. பாகப்பிரிவினைக்கும் வரிக்கும் சந்தை மதிப்பு தேவைப்படும். ஒரே சிலைக்கு இம்மூன்று தொகைகளும் வேறுபடுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. மதிப்பின் விழுக்காட்டைக் கட்டணமாகக் கேட்பவரும், மதிப்பிட்ட உடனே தாமே வாங்கிக்கொள்ள முன்வருபவரும் நடுநிலையாளர் ஆகமாட்டார்.

சிற்பியின் பெயர் முதன்மையான காரணியாகத் தோன்றினாலும், அதே மாதிரியின் இரு படிகளுக்கிடையே விலையைப் பிரிப்பது வார்ப்புத் தரமும் படலமும்தான். அளவும் கணக்கில் கொள்ளப்படும். வார்ப்பகத்தின் அச்சிட்ட விலைப்பட்டியல்கள் எந்த மாதிரி எந்த அளவுகளில் வெளிவந்தது என்பதைக் காட்டுவதால், பட்டியலில் இல்லாத அளவு ஐயத்துக்கு உரியது. பார்பெதியென் நிறுவனத்தைப் பற்றிப் புளோரன்சு ரியோனே 2016இல் வெளியிட்ட விரிவான நூலும், 19ஆம் நூற்றாண்டு வெண்கலங்களைப் பற்றிய பியேர் கெல்பெர்கின் 1987ஆம் ஆண்டு நூலும் இவ்வகை ஒப்பீட்டுக்குப் பெரிதும் பயன்படுகின்றன.

உடைமை வரலாற்றுக்கான தாள்கள், அதாவது பழைய பற்றுச்சீட்டு, குடும்ப ஒளிப்படத்தில் சிலை தெரியும் மூலை, ஏலப் பட்டியல் ஆகியன, சிலையோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட வேண்டும். மதிப்பீட்டுக்கு ஒளிப்படம் அனுப்புவோர் முகத்தை மட்டும் படமெடுத்து அனுப்புவது வழக்கம். கையொப்பம், முத்திரை, அடிப்புறம், உட்புறம், பழுதடைந்த இடம் ஆகியவற்றின் படங்களே கூடுதலாகப் பயன்படும்.

யானைத்தந்த முகமும் கைகளும் கொண்ட வெண்கலச் சிலைகள் தனி வகை. தந்த வணிகத்துக்குப் பல நாடுகளில் தடை அல்லது கடுங்கட்டுப்பாடு உள்ளதால், கலைப்பெறுமதி எவ்வளவாயினும் அவற்றை விற்பதும் எல்லை கடத்துவதும் சட்டச் சிக்கலுக்கு உரியன.

பேணுதல்

அன்றாடப் பேணுதல் எளிது. மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசு தட்டினால் போதும். துணியால் துடைத்தால் இறகு நுனியிலும் விரலிலும் நூல் சிக்கி இழுபடும். தூக்கும்போது நீட்டிய கையையோ இறக்கையையோ பிடிக்காமல், ஒரு கையால் பீடத்தையும் மறுகையால் உடலின் திரண்ட பகுதியையும் தாங்க வேண்டும். முன்னர் கூறிய செருகிணைப்புகள் காலத்தால் தளர்ந்திருக்கும். சலவைக்கல் பீடம் நடுவில் ஒரே மரையாணியால் பிணைக்கப்பட்டிருப்பதால், சிலையை மட்டும் பிடித்துத் தூக்கினால் கல் பிளக்கலாம் அல்லது கழன்று விழலாம். வியர்வையில் உள்ள உப்பும் கொழுப்பமிலமும் உலோகத்தில் விரல்ரேகையை நிலையாகப் பதித்துவிடும் என்பதால் கையுறை அணிதல் நல்லது.

ஒட்டிய அழுக்கை நீக்க வேண்டுமாயின், காய்ச்சி வடித்த நீரில் சில துளி அயனியல்லாத சோப்புநீர் கலந்து, பிழிந்த பஞ்சுக்குச்சியால் சிறிது சிறிதாகத் துடைத்து, வெற்று நீரால் மீண்டும் துடைத்து, உடனே உலர்த்தலாம். சிலையை நீரில் மூழ்கவைத்தல் கூடாது. உள்ளே எஞ்சியுள்ள வார்ப்புமணல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொன்முலாம் பூசிய பகுதிகளையும் துத்தநாக வார்ப்புகளையும் இவ்வாறு கழுவுதல் தகாது. துத்தநாகத்தில் முலாத்தின் வெடிப்பு வழியே நீர் புகுந்து வெள்ளைப் பொடியாக அரித்து, முலாத்தை உள்ளிருந்தே தள்ளிவிடும்.

காப்புக்கு நுண்படிக மெழுகு பயன்படுத்தப்படுகிறது. 1950களில் பிரித்தானிய அருங்காட்சியக ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட 'ரினைசான்சு' மெழுகு இவ்வகையில் அறியப்பட்டது. மிக மெல்லியதாகத் தடவி, சில நிமிடங்கள் கழித்து மென்தூரிகையால் மெருகேற்றினால், வீட்டினுள் இருக்கும் சிலைக்கு ஓராண்டுக்கும் மேலாகப் போதுமானது. மெழுகு சலவைக்கல்லில் பட்டால் கறை உண்டாகும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை தூசியைப் பிடித்துப் பிசுக்காகி, நாளடைவில் அமிலமாகிப் பச்சைக் களிம்பை வரவழைக்கும்.

வைக்கும் இடமும் முக்கியம். ஓக்கு மரப்பெட்டி, ஒட்டுப்பலகை, புதிதாக வண்ணம் பூசிய அலமாரி ஆகியன கரிம அமில ஆவிகளை வெளிவிடுகின்றன. கம்பளித் துணியும் இரப்பரும் கந்தகச் சேர்மங்களை வெளிவிட்டு வெண்கலத்தைக் கருக்கச் செய்கின்றன. கண்ணாடி அடைத்த அழகிய பெட்டி பாதுகாப்பானது என்று தோன்றினாலும், காற்று அசையாத அந்தப் பெட்டியே இந்த ஆவிகளைத் தேக்கி வைக்கிறது.

வெண்கல நோய்

வெளிர்பச்சை நிறத்தில், தொட்டால் உதிரும் பொடியாகப் புள்ளிகள் தோன்றினால் அது வெண்கல நோய் எனப்படும் அரிப்பாக இருக்கலாம். இது நுண்ணுயிரால் வருவதன்று. உலோகத்தினுள் உள்ள செப்புக் குளோரைடு ஈரத்தோடும் உயிர்வளியோடும் வினைபுரிந்து ஐதரோகுளோரிக்கு அமிலத்தை உண்டாக்குகிறது. அவ்வமிலம் மேலும் செப்பைத் தாக்கிப் புதிய குளோரைடை உருவாக்குகிறது. எனவே தானாக நிற்பதில்லை. நிலத்தில் புதைந்திருந்த தொல்வெண்கலங்களிலேயே இது மிகுதி என்றாலும், கடற்கரை ஊர்களில் வைக்கப்பட்ட பிற்காலச் சிலைகளிலும் தோன்றக்கூடும். உறுதியாகப் பற்றிய, பொடியாகாத பச்சைப் படலம் இந்நோயன்று. அதனைச் சுரண்டுதல் கூடாது.

நோயுற்ற சிலையைப் பிற உலோகப் பொருட்களிலிருந்து பிரித்து, சிலிக்கா களி இட்ட மூடிய பெட்டியில் ஒப்பு ஈரப்பதன் 40 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்குமாறு வைத்தால் வினை மிகவும் தளரும். பின்னர் பேணற்கலை வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும். 1967 முதல் வெண்கலப் பேணலில் பயன்பட்டு வரும் பென்சோடிரையசோல் நச்சுத்தன்மை உடையது, வீட்டில் கையாளத்தக்கதன்று. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் அமைந்த வேதிப்பேணல் ஆய்வகம், அங்குள்ள தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளை இந்நோயிலிருந்து காக்கும் பணியில் முன்னோடியாக விளங்கியது. அங்கு கையாளப்பட்ட மின்னாற்பகுப்பு முறை குளோரைடை நீக்குவதோடு படலத்தையும் நீக்கவல்லது. ஆகவே நிறமேற்றிய பிரெஞ்சுச் சிற்றுருவங்களுக்கு அதனைப் பரிந்துரைக்க இயலாது.

இந்தியாவில் உள்ள சிலைகள்

ஐரோப்பிய வெண்கலங்கள் குடியேற்றக் காலத்தில் இந்தியச் சமத்தானங்களுக்கும் வணிகர் மாளிகைகளுக்கும் வந்தன. ஐதராபாத்து சாலார் சங்கு அருங்காட்சியகத்தில் இத்தகைய ஐரோப்பியச் சிலைகளைக் காணலாம். இவற்றை வழிவழியாகப் பெற்றிருப்போர் ஒன்றை அறிதல் வேண்டும். தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வயதுடைய சிற்பங்களைத் தொல்பொருளாக வரையறுக்கிறது. அவ்வரையறை சிலை எந்நாட்டில் செய்யப்பட்டது என்று கேட்பதில்லை. தொல்பொருளைத் தனியார் நாட்டிலிருந்து வெளியே அனுப்புதல் இச்சட்டத்தின் கீழ் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. எனவே வெளிநாட்டு ஏல நிறுவனம் ஒன்று உயர்ந்த மதிப்பைக் கூறினாலும், நூறாண்டு கடந்த சிலையை அங்கே விற்பனைக்கு அனுப்ப முடியாது. வயதில் ஐயம் உள்ள சிலையை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருப்பின், அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் ஆய்வகத்திடம் முன்கூட்டியே பெறுதல் வேண்டும்.